எவனெபூலின் 2025 பருவத் திட்டம் சரியா? விபத்திலிருந்து மீளும் வீரர் பந்தயத்துக்குத் திரும்பும் நாளை முன்பே குறித்துக்கொள்ளலாமா?

வடசேரி பயிற்சியாளர்:
2024 டிசம்பர் 3 அன்று பெல்ஜியத்தின் ஓட்டிங்கனில் பயிற்சியில் இருந்த பெல்ஜிய மிதிவண்டிப் பந்தய வீரர் ரெம்கோ எவனெபூல், அஞ்சல் வண்டி ஒன்றின் கதவு திடீரெனத் திறக்கப்பட்டதால் அதில் மோதி விழுந்தார். விலா எலும்பு, தோள்பட்டை எலும்பு, கை எலும்பு ஆகியவை முறிந்தன. நுரையீரல்கள் இரண்டிலும் அடிபட்டது. காறை எலும்பு இடம் விலகி, அதைப் பிடித்து நிற்கும் நார்களும் கிழிந்தன. பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்று நான்கு மாதங்களே ஆகியிருந்த வீரர் அவர். அறுவை முடிந்ததும் அவரும் அவருடைய அணியும் ஏப்ரல் பந்தயங்களை நோக்கித் திட்டம் வகுத்தார்கள். விபத்து நடந்த 136 ஆம் நாளான 2025 ஏப்ரல் 18 அன்று பிராபான்ட்சே பைல் என்ற ஒரு நாள் பந்தயத்தில் இறங்கி, முடிவுக்கோட்டை நோக்கிய கடைசி விரைவோட்டத்தில் வவுட் வான் ஆர்ட்டை முந்தி வென்றார்.

இடையில் இந்த விளையாட்டையே விட்டுவிடலாமா என்று எண்ணியதாக அவரே பின்னர் சொன்னார். அப்படிப்பட்ட மனநிலையில் இருக்கும் ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி உள்ளரங்கப் பயிற்சி வண்டியில் உட்கார வைப்பது நாள்காட்டியில் குறித்த ஒரு தேதிதான் என்பது என் உறுதியான கருத்து. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அடிபட்டுக் கிடக்கும்போது, “உடம்பு சரியாகட்டும், பிறகு பார்ப்போம்” என்று சொல்லிச் சொல்லியே அவர்களுடைய பருவத்தைக் கரைத்துவிடுகிறோம். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

மார்த்தாண்டம் இயன்முறையாளர்:
வணக்கம் அண்ணாச்சி. அந்த வெற்றியை நானும் மகிழ்ச்சியோடு பார்த்தேன். ஆனால் நீங்கள் ஏப்ரல் 18 அன்றே கதையை நிறுத்திவிட்டீர்கள். இரண்டு நாள் கழித்து அம்ஸ்டெல் கோல்டு பந்தயத்தில் அவர் மூன்றாம் இடம் பெற்றார். ஏப்ரல் 27 அன்று, முன்பு இருமுறை வென்ற லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயத்தில் 59 ஆம் இடத்துக்குப் போனார். தூரம் அதிகம் என்பதால் தளர்ந்தார் என்று சொல்ல முடியாது, ஏனெனில் அம்ஸ்டெலும் ஏறத்தாழ 250 கிலோமீட்டர்தான். பத்து நாளில் நான்காவது பந்தயம் என்பதே வேறுபாடு. ஒரு நாள் முழு வலுவையும் திரட்டி ஓட்டுவதற்கு அவர் உடல் தயாராகிவிட்டது; அந்த உழைப்பிலிருந்து மீண்டு மறுபடியும் அதையே செய்வதற்குத் தயாராகவில்லை.

எலும்பு ஒட்டியதை ஊடுகதிர்ப் படம் காட்டிவிடும். கிழிந்த நார் வலுப்பெற்றதையும், தோள்பட்டையைச் சுற்றியுள்ள சிறு தசைகள் ஐந்து மணி நேரம் அதிர்வைத் தாங்கும் என்பதையும் அது காட்டாது. குளிர்காலத்தில் ஒரு வீரர் வாரந்தோறும் நீண்ட தூரம் ஓட்டிச் சேர்த்துவைக்கும் அடிப்படைத் தாங்குதிறனைத்தான் டிசம்பர் விபத்து அவரிடமிருந்து பறித்தது. ஜூலையில் மூன்று வார டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், 5 ஆம் நாள் கான் நகரில் நடந்த தனிநேர ஓட்டத்தை (ஒருவர் பின் ஒருவராகத் தனியே புறப்பட்டு நேரத்தோடு போட்டியிடுவது) வென்றவர், 14 ஆம் நாள் ஓட்டத்தில் டூர்மாலே மலை ஏற்றத்தில் வண்டியை விட்டு இறங்கி விலகினார். அப்போது அவர் மொத்தத் தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்தார்.

வடசேரி பயிற்சியாளர்:
தம்பி, அங்கே ஒரு செய்தியை விட்டுவிட்டீர்கள். டூருக்குச் சில நாள்களுக்கு முன் நடந்த பெல்ஜியத் தேசியப் போட்டியில் விலா எலும்பு மறுபடியும் முறிந்திருந்தது என்பதை அவர் விலகிய பிறகு வெளியிட்டார். டூர்மாலேயில் இறங்கியதற்கு அந்த முறிவு காரணமாக இருக்கும்போது டிசம்பர் மாதத்துக் கதவின் மேல் எப்படிப் பழி போடலாம்?

உங்கள் கணக்கே சரி என்றால் டென்மார்க் வீரர் யோனாஸ் விங்கெகோர் எழுந்திருக்கவே கூடாது. 2024 ஏப்ரல் 4 அன்று பாஸ்க் நாட்டுச் சுற்றில் விழுந்து, காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து, நுரையீரலில் காயத்தோடு பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தவர், ஜூன் 29 அன்று புளோரன்சில் டூரைத் தொடங்கினார். 11 ஆம் நாள் ஓட்டத்தில், அந்த டூரை முடிவில் வென்ற தடேய் போகச்சாரையே முந்தி வென்று, முடிவில் இரண்டாம் இடம் பெற்றார். மூன்று மாதம்கூட இல்லை. டூர் என்ற நாளைக் குறிக்காமல் இது நடந்திருக்குமா?

தக்கலை ஓட்டுநர்:
இருவருடைய வாதத்திலும் விபத்து நடந்த மாதத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. விங்கெகோர் விழுந்தது ஏப்ரலில். குளிர்காலப் பயிற்சி முழுவதையும் முடித்து, பந்தயங்களும் வென்று, உடல் உச்சத்தை நெருங்கும் வேளையில் விழுந்தார். எவனெபூல் விழுந்தது அந்தப் பயிற்சி தொடங்கும் வேளையில். இரு காயங்களும் ஏறத்தாழ ஒரே இடத்தில் என்றாலும், இழந்தது ஒன்றல்ல. சேர்த்து வைத்தவன் மூன்று மாதம் அதைச் செலவழிக்கலாம். சேர்க்கத் தொடங்கும்போதே விழுந்தவனிடம் செலவழிக்க எதுவும் இல்லை.

எவனெபூல் வாழ்க்கையில் இது முதல் முறையுமன்று. 2020 ஆகஸ்ட் 15 அன்று இத்தாலியின் லொம்பார்தியா பந்தயத்தில் பாலத்துச் சுவரில் மோதிப் பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒன்பது மாதம் பந்தயமே ஓட்டாமல் இருந்துவிட்டு, 2021 மே மாதத்தில் நேரடியாக மூன்று வார ஜீரோ டி இத்தாலியாவில் இறங்கினார். முடிக்க முடியாமல் விலகினார். ஆனால் 2022 இல் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்ட்டாவை வென்று, அதே ஆண்டு உலக வாகையரும் ஆனார். இம்முறையும் டூரில் விலகியவர், செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலியில் தனிநேர ஓட்டத்தில் தொடர்ந்து மூன்றாம் முறையாக உலகப் பட்டம் வென்றார். இரண்டரை நிமிடம் முன்னால் புறப்பட்ட போகச்சாரை வழியிலேயே தாண்டிச் சென்றார். ஆக, அவர் உடல் முழுமையாகத் திரும்புகிறது. பெருங்காயத்துக்குப் பிந்தைய முதல் மூன்று வாரப் பந்தயத்தைத்தான் அது இரண்டு முறையும் தாங்கவில்லை. நாள் குறித்ததில் எனக்கு மறுப்பில்லை. ஏப்ரலைக் குறித்துக்கொண்டு, ஜூலையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, செப்டம்பரைக் குறித்திருக்கலாம்.

குளச்சல் மாமா:
இந்த விவாதத்தை நான் பொழுதுபோக்காகப் படிக்கவில்லை. என் தங்கை மகன் ஆரல்வாய்மொழிப் பக்கம் பயிற்சி ஓட்டும்போது முப்பந்தல் காற்றாலைகளுக்கு இடையே குறுக்குக் காற்றில் முன்சக்கரம் இழுபட்டு விழுந்து, காறை எலும்பு முறிந்து தகடு வைத்திருக்கிறார்கள். எவனெபூல் வென்ற காட்சியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, மாநிலப் போட்டிக்குள் நானும் வந்துவிடுவேன் என்கிறான். எவனெபூலுக்கு ஜூலை போனால் செப்டம்பர் இருக்கிறது, ஊதியம் தரும் அணி இருக்கிறது. இவனுக்கு ஆண்டுக்கு ஒரு மாநிலப் போட்டி. அதில் கிடைக்கும் சான்றிதழ்தான் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வழி. ஒரு பருவத்தை விட்டால் வயது வரம்பு ஓடிவிடும். இவனைப் போன்றவனுக்கு என்ன சொல்வீர்கள்?

திருவட்டாறு ஆசான்:
எங்கள் வீட்டில் தலைமுறையாக முறிவுக்குக் கட்டுப் போடுகிறோம். தகடு வைத்த இடத்தில் நான் கைவைக்க மாட்டேன். அது அறுவை செய்த மருத்துவரின் பொறுப்பு. ஆனால் எங்கள் முறையில் கட்டை அவிழ்க்கும் நாளை முதல் நாளே யாருக்கும் சொல்வதில்லை. விரல் மடங்குகிறதா, கை தலைக்கு மேல் வலியின்றிப் போகிறதா, பிடித்து இழுத்தால் எதிர்த்து நிற்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த படி. தேதி முதலில் வந்துவிட்டால், நோவை மறைக்கப் பையன்கள் பழகிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு அச்சம்.

மார்த்தாண்டம் இயன்முறையாளர்:
ஆசான் சொல்வதைத்தான் நாங்களும் வேறு கருவிகளால் அளக்கிறோம். பிரிட்டன் வீரர் கிறிஸ் புரூம் 2019 ஜூன் 12 அன்று பிரான்சின் ரோவான் நகரில் தனிநேர ஓட்டப் பாதையைப் பார்க்கச் சென்றபோது சுவரில் மோதினார். தொடை எலும்பு, முழங்கை, விலா எலும்புகள் எல்லாம் முறிந்தன. எட்டு மாதத்தில் பந்தயத்துக்குத் திரும்பினார். அதற்கு முன் டூரை நான்கு முறை வென்றவர், அதற்குப் பிறகு ஒரு பந்தயமும் வெல்லவில்லை. கொலம்பிய வீரர் ஏகன் பெர்னால் 2022 சனவரியில் தம் நாட்டில் நின்றிருந்த பேருந்தின் பின்புறம் மோதினார். தொடை எலும்பு, முழங்கால் சில்லு, முதுகெலும்பு என ஏறத்தாழ இருபது முறிவுகள். அவரும் அதே ஆண்டு ஆகஸ்டில் திரும்பினார். வுவெல்ட்டாவில் ஒரு நாள் ஓட்டத்தை வெல்ல அவருக்கு 2025 செப்டம்பர் வரை ஆனது. திரும்பும் நாளை மட்டும் பார்த்தால் இவர்கள் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே அந்த நாள் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

குளச்சல் அண்ணாச்சி, உங்கள் மருமகனுடையது காறை எலும்பு முறிவு மட்டும்தான். நார்கள் கிழியவில்லை என்றால் எவனெபூலைவிட எளிய நிலை. உள்ளரங்கில் மருத்துவர் அனுமதித்தபடி இப்போதே மிதிக்கலாம். ஆனால் ஆரல்வாய்மொழிச் சாலையில் காற்று அடிக்கும்போது கைப்பிடியை நேராக வைத்திருப்பது தோள்பட்டையின் வேலை. அங்கே மீண்டும் விழுந்தால் தகட்டின் ஓரத்திலேயே எலும்பு முறியக்கூடும். அதற்கு முன் இருகைகளாலும் தண்டால் எடுக்கவும், அடிபட்ட கையால் உடல் எடையைத் தாங்கவும் வேண்டும் என்பது என் நிபந்தனை.

வடசேரி பயிற்சியாளர்:
நிபந்தனையை ஏற்கிறேன்; குறித்த நாளை விட்டுக்கொடுக்க மாட்டேன். குளச்சல்காரர் கேட்ட கேள்விக்கு “உடல் சொல்லும்வரை காத்திரு” என்பது விடையாகாது. மாநிலப் போட்டி வீரனுக்காகக் காத்திருக்காது. எனவே தக்கலைத் தம்பி சொன்னதையே எடுத்துக்கொண்டு, எதை அடிப்பது எதை வைப்பது என்று முடிவு செய்யலாம். கூட்டமாக ஓட்டும் சாலைப் பந்தயத்தில் அவன் பெயரைக் கொடுக்க வேண்டாம். அங்கே மற்றவன் விழுந்தாலும் இவன் விழுவான். தனிநேர ஓட்டத்துக்கு மட்டும் கொடுக்கலாம். அதில் பக்கத்தில் யாரும் இல்லை, தூரமும் குறைவு. தேறாவிட்டால் கடைசி வாரத்தில் விலகிக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம் இயன்முறையாளர்:
அதில் ஒரு சிக்கல் உண்டு அண்ணாச்சி. தனிநேர ஓட்ட வண்டியில் முழங்கைகளைத் திண்டில் ஊன்றிக் குனியும்போது மேலுடலின் பாரம் தோளுக்கும் காறை எலும்புக்கும் நேராக இறங்குகிறது. ஆபத்துக் குறைவு என்று நீங்கள் தேர்ந்தெடுத்த பந்தயமே அந்த மூட்டை அதிகம் சோதிக்கும்.

வடசேரி பயிற்சியாளர்:
அப்படியானால் சாதாரணக் கைப்பிடியோடு ஓட்டட்டும். காற்றுத் தடையால் சில நொடிகள் இழப்பான், பதக்கம்கூடத் தவறலாம். பந்தயத்தில் கலந்துகொண்ட பதிவு கிடைக்கும், அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு அவன் பெயர் பட்டியலில் இருக்கும்.

குளச்சல் மாமா:
சாதாரணக் கைப்பிடியில் தனிநேர ஓட்டம் மட்டும். மருத்துவரின் அனுமதியும், தம்பி சொன்ன இரண்டு சோதனைகளும் தேறினால்தான் பெயர் கொடுப்பது. காற்று அடங்கும்வரை முப்பந்தல் பக்கம் போகக் கூடாது, பேச்சிப்பாறைச் சாலையில் விடியற்காலையில் ஓட்டலாம். இதை அவனிடம் சொல்லிவிட்டேன். சாலைப் பந்தயத்தை அடித்ததற்கு இன்னும் கோபமாக இருக்கிறான்.