மறு: ஃபீட் – ஊட்டமா, ஓடையா, வரத்தா?

அன்புடையீர், வணக்கம்.

ஒரு தளத்தில் புதிதாக வந்தவற்றைப் பட்டியலிட்டு, வாசகர்களின் செயலிகள் வந்து படிப்பதற்காகத் தளம் வைத்திருக்கும் கோப்புதான் ‘ஃபீட்’ (feed). அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நேற்று மாலையிலிருந்து வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். தனித்தனியாகப் பதில் எழுதினால் விடிந்துவிடும், சேர்த்தே எழுதுகிறேன்.

> ஃபீட் என்றால் ஊட்டுவது. ‘ஊட்டம்’ என்று வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே?

ஐயா, ஊட்டம் என்றதும் எனக்குச் செடிக்குப் போடும் எருதான் நினைவுக்கு வருகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நடப்பதே வேறு. ஊட்டுவதற்கு ஒரு கை வேண்டும். இங்கே யாரும் யாருக்கும் ஊட்டுவதில்லை. நான் பராமரிக்கும் சிற்றிதழ்த் தளத்தின் வழங்கி (சர்வர்) பதிவேட்டை நேற்றிரவு திறந்து பார்த்தேன். நள்ளிரவு தாண்டியும் அரைமணிக்கு ஒருமுறை யாரோ ஒரு வாசகரின் செயலி வந்து, ‘நான் போனபின் புதிதாக ஏதாவது உண்டா?’ என்று கேட்கிறது. வழங்கி ‘304’ என்ற எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுகிறது. மாற்றம் இல்லை என்று பொருள். அரைமணி கழித்து மறுபடி அதே கேள்வி, அதே 304. பசித்தவன் தானே எழுந்துபோய்ப் பானையைத் திறந்து பார்ப்பதற்கு ஊட்டம் என்றா பெயர்?

> செய்தியோடை வலைப்பதிவுக் காலத்திலிருந்தே புழங்குகிறதே?

புழங்குகிறது; அழகான சொல்தான். அதனோடு வந்த ‘திரட்டி’ (பல தளங்களின் ஃபீடுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டுவது) நன்றாகவே வேரூன்றிவிட்டது, அதில் கைவைக்க வேண்டாம். ஓடையில்தான் எனக்கு இடறல். (சென்னைக்காரர்கள் ஓடை என்றால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம். ஓட்டேரிப் பக்கம் குடியிருந்தவன் சொல்கிறேன்.) ஓடும் நீரை எண்ண முடியாது. இந்தக் கோப்பிலோ எல்லாம் உருப்படி உருப்படியாக இருக்கிறது: ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு, ஓர் இணைப்பு, சிறு சுருக்கம், தேதி, மற்றொன்றோடு குழம்பாதிருக்க ஓர் அடையாளம். ‘ஓடையில் மூன்றாவது’ என்று எப்படிச் சொல்வது?

முன்னொட்டாக வரும் ‘செய்தி’யும் பொருந்தவில்லை. பாட்காஸ்ட் ஒலிக்கோப்புகள் இன்றும் இதே வகைக் கோப்பின் வழியாகத்தான் கேட்பவரைச் சென்றடைகின்றன. கச்சேரிப் பதிவையும் சமையல் குறிப்பையும் செய்தி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

> செய்திச்சரம் எப்படி? பூச்சரம் போல.

தங்கையின் இந்தச் சொல்லில் கொஞ்ச நேரம் மயங்கிப்போனேன் என்பதே உண்மை. பெட்டிக்கடை வாசலில் கயிற்றில் தொங்கும் நாளிதழ்த் தலைப்புத் தாள்கள் கண்ணில் ஆடின. ஆனால் ‘சரம்’ நிரலாக்கத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது, எழுத்துகளின் தொடருக்கு. ‘சரத்தில் உள்ள முதல் சரம்’ என்று பாடம் எழுதப்போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கோப்பு வடிவங்களில் ஒன்றான ‘ஆர்எஸ்எஸ்’ (RSS) என்ற சுருக்கப்பெயரை விரித்து மொழிபெயர்க்கலாம் என்றார் மற்றொருவர். எந்த விரிவை? 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் வெளியிட்டபோது ஆர்எஸ்எஸ் என்பது ‘ஆர்டிஎஃப் சைட் சம்மரி’, சில மாதங்களில் ‘ரிச் சைட் சம்மரி’, 2002இல் 2.0 பதிப்பு வந்தபோது ‘ரியலி சிம்பிள் சிண்டிகேஷன்’. ஏற்கெனவே மூன்று பெயர்கள் கொண்ட பிள்ளைக்கு நாம் நான்காவதாக ஒன்று வைக்க வேண்டாம். மேலும் 2005இல் தரநிலையாக ஏற்கப்பட்ட ‘ஆட்டம்’ (Atom) என்ற மற்றொரு ஃபீட் வடிவத்துக்கும் நம் சொல் பொருந்தவேண்டும். ஆர்எஸ்எஸ் ஆர்எஸ்எஸ்ஸாகவே இருக்கட்டும். பொதுப்பெயர் ஒன்று கிடைத்தால் போதும்.

என் பரிந்துரை: வரத்து.

‘கோயம்பேட்டுக்குத் தக்காளி வரத்து குறைந்தது’, ‘செம்பரம்பாக்கம் ஏரிக்கு நீர்வரத்து அதிகரிப்பு’ – இந்தத் தலைப்புகளைப் படிக்காத சென்னைவாசி உண்டா? சொல்லை யாருக்கும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கோயம்பேட்டில் சில்லறைக் கடைக்காரர் விடியுமுன் தானே போய்த்தான் என்ன வந்திருக்கிறது என்று பார்க்கிறார். யாரும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. 304 கதையும் அதுதான். எண்ணவும் முடிகிறது: இன்றைய வரத்து மூன்று. சேர்த்துச் சொல்லவும் வளைந்து கொடுக்கிறது: வரத்துக்கோப்பு, ஒலிவரத்து, வரத்துத் திரட்டி.

ஓர் ஆட்சேபம் வரும் என்று தெரியும். வாசகருக்கு வரத்து, தளம் நடத்துபவருக்கு அது வெளியே போவதாயிற்றே? போக்கும் வரத்தும் சேர்ந்ததுதானே போக்குவரத்து என்று வேடிக்கையாகச் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் கோயம்பேட்டு மண்டிக்காரரும் தம் சரக்கை வரத்து என்றுதான் சொல்கிறார். வந்து சேரும் இடத்தை வைத்துப் பெயரிடுவது நமக்குப் பழக்கமானதுதான்.

சிண்டிகேஷன் (ஒரு தளத்தின் உள்ளடக்கத்தைப் பிற இடங்களுக்கும் வழங்குவது) என்ற சொல்லுக்குத் தனி இழை தொடங்குங்கள். இதில் கலந்தால் இரண்டும் கெடும்.

ஒரு வேண்டுகோள். தமிழாக்கும் உற்சாகத்தில் கோப்புக்குள்ளேயே கைவைத்துவிடாதீர்கள். எங்கள் தளத்தில் மாதப் பெயர்களைத் தமிழில் மாற்றியபோது வரத்துக்கோப்பின் தேதிகளும் கூடவே மாறிவிட்டன. ஆர்எஸ்எஸ்ஸில் தேதிக்கென்று ஒரு வடிவம் உண்டு. மாதம் ஆங்கிலச் சுருக்கத்தில்தான் இருக்கவேண்டும். விளைவு: செயலிக்குத் தேதி புரியாமல், புத்தகக் காட்சி பற்றிய கட்டுரை என் கைப்பேசியில் 1970 ஜனவரி 1 என்று தேதியிட்டு எல்லாவற்றுக்கும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

மிச்சமிருப்பது, வரத்தைப் பெற வாசகர் தளத்தில் அழுத்தும் பொத்தான். ‘சந்தா’ என்று போட்டிருந்ததைப் பார்த்து என் அம்மா, “மாதம் எவ்வளவுடா கட்டவேண்டும்?” என்று கேட்டார். அதை எடுத்தாயிற்று. இப்போதைக்கு ‘புதுவரத்து’ என்று வைத்துப் பார்த்திருக்கிறேன்; ஆரஞ்சு நிற ஃபீட் சின்னத்துக்குப் பக்கத்தில் ஒரே வரியில் அடங்குகிறது. வியாழக்கிழமைக்குள் மறுப்போ மாற்றோ சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை தளத்தில் ஏற்றிவிடுவேன்.

அன்புடன்,
மேற்கு மாம்பலத்திலிருந்து