சரசு அத்தையின் முன்பல்

குழு: சுங்கை சிப்புட் குடும்பம்

குமார்: அம்மாவுக்கு மேல் முன்பல் உடைந்துவிட்டது. நேற்று ராத்திரி முறுக்கு ருசி பார்த்தபோது. கவிதா கல்யாணத்துக்கு 12 நாள்தான் இருக்கிறது.

லட்சுமி பெரியம்மா: ஐயோ. ரத்தம் வந்ததா

குமார்: இல்லை. 2 வருடத்துக்கு முன்னால் வேர் சிகிச்சை செய்த பல். மேலே கிரவுன் (பல் உறை) போடாமல் விட்டுவிட்டார். டவுன் கிளினிக்கில் பிடுங்கச் சொல்கிறார்கள்.

மணி சித்தப்பா: பிடுங்கிவிட்டுப் பல்செட் போடட்டும். நான் போடவில்லையா

தேவி: பிடுங்க வேண்டாம்!! அத்தை, உதட்டைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு படம் அனுப்புங்கள்.

சரசு அத்தை: [படம்]

சரசு அத்தை: உடைந்த துண்டை மைலோ டின்னில் வைத்திருக்கிறேன். ஒட்டுவார்களா

முத்து பெரியப்பா: பந்தல்காரன் முன்பணம் கேட்கிறான். யார் கொடுப்பது?

லட்சுமி பெரியம்மா: முதலில் பல்லைப் பாருங்கள்

தேவி: அத்தை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈறுக்கு மேலே சுற்றிலும் கொஞ்சம் நல்ல பல் நிற்கிறது, அதுதான் முக்கியம். நான் தினமும் பல் டாக்டர் பக்கத்தில் நின்று பார்க்கும் வேலை இது. வேருக்குள் இருக்கும் அடைப்பில் மேல்பகுதியை மட்டும் எடுப்பார்கள். நுனியில் 4, 5 மில்லிமீட்டர் அப்படியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இறங்கிவிடும். அந்தக் குழியில் போஸ்ட் என்ற மெல்லிய குச்சி ஒன்றை ஒட்டி, அதன் பிடிமானத்தில் பல்லின் உடம்பைக் கட்டி, மேலே கிரவுன் மாட்டுவார்கள். சுற்றிலும் 2 மில்லிமீட்டர் நல்ல பல் இருந்தால், பீப்பாய்க்கு இரும்பு வளையம் போட்ட மாதிரி கிரவுன் அதை இறுக்கிப் பிடிக்கும். 2 மில்லிமீட்டர் என்றால் ஒரு அரிசியின் அகலம்தான்.

மணி சித்தப்பா: போஸ்ட் என்றால் கம்பிதானே. எனக்கும் வைத்தார்கள். 3 வருடத்தில் வேரே பிளந்தது.

குமார்: மாமா, சோடா மூடியைப் பல்லால் திறந்ததையும் சொல்லுங்கள் 😄

மணி சித்தப்பா: அது வேறு பல்

தேவி: சித்தப்பா சொல்வது நடப்பதுதான். உலோகம் பல்லைவிட விறைப்பு, வேர் நெடுகப் பிளந்துவிட்டால் பிடுங்கத்தான் வேண்டும். ஃபைபர் போஸ்ட் பல்லோடு சேர்ந்து கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கெட்டாலும் பெரும்பாலும் ஒட்டு விட்டுக் கழன்று வரும், வேர் தப்பும். ஆனால் எந்தப் போஸ்டும் பல்லுக்குப் பலம் தராது. மேலே கட்டுவதைப் பிடித்துக்கொள்ளத்தான் அது.

முத்து பெரியப்பா: வேருக்குள் என்னத்தை அடைக்கிறார்கள்?

தேவி: மரத்துப் பால் பெரியப்பா! கெத்தா பெர்ச்சா.

முத்து பெரியப்பா: நம் ரப்பர் மரமா

தேவி: இல்லை, தாபான் மரம். ஆனால் வேர் வேலையின்போது பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் ஷீட் இருக்கிறதே, அது நம் பால்.

முத்து பெரியப்பா: தாபானை எங்கள் அப்பா சொல்லுவார். கோடு போட்டு எடுக்க முடியாதாம், மரத்தையே சாய்த்துத்தான் பால் எடுப்பார்களாம். கடலுக்கடியில் போகும் தந்திக் கம்பிக்கு உறை போட வெள்ளைக்காரன் வாங்கினான். நான் 31 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன், பால் வாய்க்குள் போகும் என்று இன்றைக்குத்தான் தெரியும். சரசு, நீ போ. காசு நான் தருகிறேன்.

மணி சித்தப்பா: அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்த வார்த்தை வரவில்லை

லட்சுமி பெரியம்மா: மணி, அது இங்கே வேண்டாம்

சரசு அத்தை: சண்டை போடாதீர்கள். என் கல்யாணப் படத்தில் நான் சிரிக்கவே இல்லை, அம்மா போய் 40 நாள்தான் ஆகியிருந்தது. கவிதா கல்யாணத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிற்க எனக்கு மனசு இல்லை.

தேவி: நிற்க வேண்டாம் அத்தை. வியாழன் காலை 9 மணிக்கு ஈப்போவில் எங்கள் கிளினிக்குக்கு வாருங்கள். எக்ஸ்ரேயில் வேர் விரிசல் தெரிந்தால் பிடுங்க நானே சொல்வேன். இல்லையென்றால் கல்யாணத்துக்குத் தற்காலிகக் கிரவுன், நிரந்தரமானது அப்புறம். அதுவரை முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது.

சரசு அத்தை: வியாழன் கோலகங்சாரில் பத்திரிகை வைக்கணுமே

குமார்: எனக்கு அன்றைக்கு லீவு இல்லை. மணி மாமா, உங்கள் காடி?

மணி சித்தப்பா: ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. புதன் ராத்திரி சொல்கிறேன்

முத்து பெரியப்பா: அப்போ பந்தல்?

சரசு அத்தை: தேவி, டின்னையும் எடுத்து வரவா

தேவி: துண்டைச் சுத்தமான தண்ணீரில் போட்டு எடுத்து வாருங்கள் அத்தை. டாக்டர் பார்க்கட்டும்.