ரிப்பீட்டர் வலையமைப்பு: பராமரிப்பும் மேம்படுத்தலும் – அனுபவப் பகிர்வு

(அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுதிய குறிப்புகள் இவை. * * * வரும் இடத்தில் அடுத்த குறிப்பு தொடங்குகிறது.)

ஓர் அதிர்வெண்ணில் வாங்கி, அதே நேரத்தில் மற்றொன்றில் திரும்ப அனுப்பும் நிலையம்தான் ரிப்பீட்டர். அதைப் பற்றி அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்றுதான்: "எனக்கு நல்லா கேக்குது, ஆனா என்னை எடுக்க மாட்டேங்குது." உடனே மேலே ஏறி ஆன்டெனாவை மாற்றப் போகிறார்கள். அதற்கு முன் ரிப்பீட்டர் தன் சத்தத்தாலேயே தான் செவிடாகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அரை மணி நேர வேலை.

ஆன்டெனா கேபிளுக்கும் டூப்ளெக்சருக்கும் (ஒரே ஆன்டெனாவில் அனுப்புவதையும் வாங்குவதையும் பிரிக்கும் வடிகட்டி) நடுவில் 30 டிபி (டெசிபல்) டைரக்ஷனல் கப்ளர் ஒன்றை வையுங்கள், கேபிளுக்குள் சிறு சிக்னலை நுழைக்கும் துண்டு அது. அதன் வழியே சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் டோனை 3 கிலோஹெர்ட்ஸ் டெவியேஷனில் (ஒலிக்கேற்ப அதிர்வெண் நகரும் அளவு) உள்ளே விடுங்கள். ஜெனரேட்டருக்கும் கப்ளருக்கும் இடையில் 20 டிபி அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) கட்டாயம். டிரான்ஸ்மிட்டர் 50 வாட் விட்டால் கப்ளர் வழியாக 50 மில்லிவாட் ஜெனரேட்டரின் வாய்க்கே திரும்பி வரும். பழைய ஜெனரேட்டர்களின் வெளியீட்டுப் பகுதி கருகுவது இப்படித்தான்.

டிரான்ஸ்மிட்டரை அணைத்து வைத்து, ரிசீவரில் 12 டிபி சினாட் (இரைச்சலுக்கு மேல் ஒலி எவ்வளவு தெளிவு என்ற அளவு) கிடைக்கும் சிக்னல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரைக் கீ செய்து (அனுப்ப வைத்து), மீண்டும் 12 டிபி வர எவ்வளவு கூட்ட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசம்தான் டீசென்ஸ். 1 டிபிக்குள் இருந்தால் விட்டுவிடலாம். 3 டிபி என்றால் விளிம்பில் இருக்கும் நிலையங்கள் கரகரக்கும். 10 டிபி என்றால் கைக்கருவிக்காரர்கள் எல்லாரும் காணாமல் போயிருப்பார்கள்.

டீசென்ஸ் இருந்தால் ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் திறனை வெப்பமாக்கும் 50 ஓம் சுமை) போட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். மறைந்துவிட்டால் குற்றவாளி வெளியே: கேபிள், கனெக்டர், ஆன்டெனா, கோபுரம். மறையவில்லை என்றால் பெட்டிக்குள். அப்போது டிரான்ஸ்மிட்டரை நேராக டம்மி லோடில் கட்டி, டூப்ளெக்சரின் டிரான்ஸ்மிட் வாயை 50 ஓமில் மூடிப் பாருங்கள். அப்போதும் தொடர்ந்தால் டூப்ளெக்சர் நிரபராதி. சிக்னல் ஜம்பர் கேபிளின் (பெட்டிக்குள் இணைக்கும் குறுங்கேபிள்) வெளிப் பின்னல் வழியாகவோ 12 வோல்ட் கம்பி வழியாகவோ கசிகிறது. டம்மி லோடும் நல்லதாக இருக்க வேண்டும். உள்ளே ஆட்டம் காணும் மலிவான லோடே சத்தம் போட்டு ஆளைக் குழப்பும்.

* * *

மேலே சொன்னதில் "வெளியே" என்று வந்தால் தேட வேண்டிய இடங்களைச் சேர்க்கிறேன்.

எல்எம்ஆர்-400 வகைக் கேபிளை ரிப்பீட்டரில் போடாதீர்கள். இழப்பு குறைவுதான், 150 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு 5 டிபி அளவு. சிக்கல் அதன் ஷீல்டில். உள்ளே அலுமினியத் தகடு, அதன்மேல் தகரம் பூசிய செம்புப் பின்னல். இரண்டு உலோகமும் ஒன்றையொன்று உரசும் இடங்களில் கூடிய திறன் பாயும்போது வெடிப்புச் சத்தம் பிறக்கும். ஒரே நேரத்தில் அனுப்பி வாங்காத நிலையத்தில் யாருக்கும் தெரியாது. டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் அனுப்பி வாங்கும்போது) காற்றடிக்கும்போதெல்லாம் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் சுற்று) படபடக்கும். மேலே போவதற்கு அரை அங்குல நெளி செம்புக் கேபிள், பெட்டிக்குள் ஆர்ஜி-214 போல இரட்டை வெள்ளிப் பின்னல் கேபிள். ஆர்ஜி-58 ஜம்பர் எங்கேயும் இருக்கக் கூடாது.

கனெக்டர் எல்லாம் 'N' வகை. ஒரு அடாப்டருக்குப் பதில் சரியான கனெக்டர் போட்ட கேபிள் செய்துகொள்வதே மேல். மூன்று அடாப்டரைக் கோத்து "தற்காலிகமாக" விட்டது ஐந்து வருடம் கழித்து அப்படியே இருப்பதைப் பார்க்காத ரிப்பீட்டர் பெட்டி உண்டா என்ன!

அடுத்தது எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து அலை எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் விகிதம்) மாயை. கீழே 1.6 காட்டுகிறது, ஆகவே ஆன்டெனா நலம் என்று முடிவு கட்டாதீர்கள். கேபிளில் தண்ணீர் இறங்கி ஒருவழி இழப்பு 6 டிபி ஆகியிருந்தால், மேலே ஆன்டெனாவே அறுந்து போயிருந்தாலும் கீழே மீட்டர் 1.67தான் காட்டும். திரும்பி வரும் அலை போகவர 12 டிபி இழந்துவிடுகிறதே! 3 டிபி இழப்பில்கூட 3.0தான் தெரியும். ஆகவே எஸ்டபிள்யூஆர் திடீரென்று நன்றாகிவிட்டால் சந்தேகப்பட வேண்டும். கேபிளின் மேல் முனையை ஷார்ட் செய்து கீழே ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் அலை எத்தனை டிபி குறைந்திருக்கிறது என்பது) அளந்து பாதியாக்கினால் உண்மையான இழப்பு கிடைக்கும். போட்ட அன்றே இந்த எண்ணை எழுதி வைக்க வேண்டும்.

கனெக்டர் இணைப்பின்மேல் டேப் சுற்றும்போது முதலில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் கறுப்பு பிவிசி டேப். கடைசிச் சுற்று கீழிருந்து மேலே போக வேண்டும், ஓடு வேய்வதைப் போல. மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரைப் பிடித்து உள்ளே விடும். கண்ணாடியிழை ஆன்டெனாவின் அடியில் இருக்கும் வடிகால் துளையை மட்டும் டேப்பால் மூடிவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் அதையும் அடைத்து, குழாய்க்குள் தண்ணீர் தேங்கி நிற்பது அடிக்கடி நடக்கிறது.

* * *

டூப்ளெக்சர் டியூனிங் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே. அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. 50 வாட் என்றால் அது +47 டிபிஎம் (1 மில்லிவாட்டை வைத்துக் கணக்கிடும் டெசிபல்). ரிசீவர் கேட்பது –119 டிபிஎம் பக்கம். இரண்டு விதமான தடுப்பு வேண்டும்: டிரான்ஸ்மிட் அலை ரிசீவர் முகப்பைத் திணறடிக்காமல் இருக்க ஒன்று, டிரான்ஸ்மிட்டர் தன் அலைக்கு இரண்டு பக்கமும் தூவும் பரந்த இரைச்சல் வாங்கும் அதிர்வெண்ணில் விழாமல் இருக்க மற்றொன்று. இரண்டாவதை ரிசீவர் பக்கத்து வடிகட்டியால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அது வாங்கும் அதிர்வெண்ணிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. டிரான்ஸ்மிட் பக்கத்து கேவிட்டிகளின் (டூப்ளெக்சருக்குள் இருக்கும் உலோக அறை வடிகட்டிகள்) நாட்ச்தான், அதாவது ஓர் அதிர்வெண்ணை மட்டும் ஆழமாக வெட்டும் பள்ளம்தான், அதைக் கொல்ல வேண்டும். ஒவ்வொரு திசையிலும் 80 முதல் 90 டிபி வரை தேவைப்படும்.

நானோவிஎன்ஏ (வடிகட்டி, ஆன்டெனா அளக்கும் சிறு கருவி) வைத்துக்கொண்டு "எனக்கு 70 டிபிதான் வருகிறது" என்று சிலர் கலங்குகிறார்கள். அந்தக் கருவியால் அளக்க முடிவதே ஏறத்தாழ அவ்வளவுதான். ஒவ்வொரு கேவிட்டியையும் தனித்தனியாக அதில் டியூன் செய்யலாம். 30 டிபி ஆழம் அதற்கு எளிது. ஒரு பக்கத்து மூன்று கேவிட்டிகளையும் கோத்த பிறகு கடைசித் திருத்தத்துக்கு சிக்னல் ஜெனரேட்டரும் அந்த அதிர்வெண்ணில் வைத்த ரிசீவருமே நம்பகம். ஜெனரேட்டரை உரக்க விட்டு, ரிசீவரில் சத்தம் குறையக் குறைய நாட்சைத் திருகிப் போக வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் பாஸ் (கடக்க விட வேண்டிய அதிர்வெண்), பிறகு நாட்ச், பிறகு மறுபடியும் பாஸ். ஒன்றைத் தொட்டால் மற்றது சற்று நகரும். பயன்படுத்தாத வாயில் 50 ஓம் லோடு இருக்க வேண்டும். கேவிட்டிகளை இணைக்கும் கேபிளின் நீளத்தை மாற்றக் கூடாது. அவை கால் அலையின் கணக்கில் வெட்டியவை. எந்த வாய் தாழ் அதிர்வெண், எந்த வாய் உயர் அதிர்வெண் என்று பெயிண்டால் எழுதிவிடுங்கள். மாற்றிச் செருகினால் டிரான்ஸ்மிட்டரின் திறன் முழுவதும் நாட்சில் மோதித் திரும்பும். மலைக்கு வண்டியில் ஏற்றிய டூப்ளெக்சரை இறக்கியதும் மறுபடி அளக்காமல் சுவிட்ச் போடாதீர்கள். குலுங்கலில் பூட்டு நட்டு தளர்வது வழக்கம்.

* * *

மேம்படுத்தல் என்றதும் எல்லாரும் திறனைக் கூட்டுவதில் ஆரம்பிக்கிறார்கள், எனக்கு அது புரிவதில்லை. 25 வாட்டிலிருந்து 50 வாட் என்பது 3 டிபி. கேட்பவருக்கு அரிதாகத்தான் தெரியும். ஆனால் பெட்டிக்குள் வெப்பம் இரட்டிக்கும், டூப்ளெக்சர் 3 டிபி கூடுதலாகத் தடுக்க வேண்டியிருக்கும். கார் ரேடியோவை ரிப்பீட்டராக்கியவர்கள் குறிப்பாக, 50 வாட் என்று எழுதியிருந்தால் 20–25ல் ஓட்டுங்கள். அது இடைவிட்டுப் பேசுவதற்குச் செய்த கருவி. பலர் கூடிப் பேசும் நீண்ட வானொலிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் விடாமல் கீ ஆகி நிற்பதற்கு அல்ல.

ப்ரீஆம்ப் (வரும் சிக்னலை முன்கூட்டியே பெருக்குவது) போடுவதானால் டூப்ளெக்சருக்கும் ரிசீவருக்கும் நடுவில், அதற்கு முன் ஒரு பாஸ் கேவிட்டியோடு. 20 டிபி பெருக்கம் இருந்தால் அதன் பின்னால் 6 முதல் 10 டிபி அட்டெனுவேட்டர் வையுங்கள். இரைச்சல் எண் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ரிசீவர் மூச்சு விடும்.

பகிர்ந்த கோபுரத்தில் இன்டர்மாட் (இரண்டு அலைகள் கலந்து புது அதிர்வெண் பிறப்பது) வரும். கணக்கு எளிது: ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். நம் டிரான்ஸ்மிட் 145.700 மெகாஹெர்ட்ஸ், ரிசீவ் 145.100 என்று வைத்துக்கொண்டால், பக்கத்தில் யாராவது 146.300ல் அனுப்பும்போது 291.400 கழித்தல் 146.300, மிகச் சரியாக 145.100ல் வந்து விழும். இரண்டும் ஒன்றாகக் கீ ஆகும்போது மட்டும் தலைகாட்டும். எங்கே கலக்கிறது என்று கண்டுபிடிக்க ரிசீவர் வாயில் 3 டிபி அட்டெனுவேட்டர் செருகுங்கள். தொல்லை 9 டிபி குறைந்தால் கலப்பு நம் ரிசீவருக்குள். கேவிட்டி போட்டால் தீரும். 3 டிபி மட்டும் குறைந்தால் வெளியே: யாரோ ஒருவருடைய டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டம் அல்லது துருப்பிடித்த போல்ட். டிரான்ஸ்மிட்டரில் கலந்தால் ஐசொலேட்டர் (அலையை ஒரு திசையில் மட்டும் விடும் துண்டு) வேண்டும், அதன் பின்னால் லோபாஸ் வடிகட்டியும் வேண்டும். ஐசொலேட்டரின் ஃபெரைட் தானே ஹார்மானிக் உண்டாக்கும்.

* * *

இணைப்புகள் பற்றி. இரண்டு ரிப்பீட்டரை யுஎச்எஃப் லிங்க்கில் இணைத்த முதல் நாளே வரும் நோய் பிங்பாங். ஒன்றின் ஹேங் டைம் (பேச்சு முடிந்த பிறகும் சற்று நேரம் அனுப்பிக்கொண்டிருக்கும் வால்) மற்றதைத் தூக்கும், அதன் ஹேங் டைம் இதைத் தூக்கும், யாரும் பேசாமலே இரண்டும் டைம்அவுட் வரை கீ ஆகி நிற்கும். காரணம், லிங்க் டிரான்ஸ்மிட்டரை ரிப்பீட்டரின் பிடிடியிலிருந்து (அனுப்பச் சொல்லும் கோடு) எடுத்திருப்பார்கள். அதை ரிசீவரின் சிஓஎஸ் கோட்டிலிருந்து (சிக்னல் வரும்போது மட்டும் இயங்குவது) எடுக்க வேண்டும். வாலும் கோர்ட்டசி டோனும் (ஒருவர் பேசி முடித்ததும் வரும் பீப்) லிங்க்கில் போகவே கூடாது.

ஒரு ரிப்பீட்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் சிடிசிஎஸ்எஸ் (பேச்சோடு சேர்ந்து போகும் தாழ்ந்த அடையாள டோன்) டீகோடர் திறக்க 150 முதல் 250 மில்லிசெகண்ட் எடுக்கும். மூன்று தாவல் என்றால் முதல் சொல் போய்விடும். அழைப்புக் குறியின் முதல் எழுத்தை யாரும் கேட்பதில்லை என்ற புகாரின் வேர் இது. பிடிடி அழுத்தி ஒரு விநாடி கழித்துப் பேசச் சொல்லுங்கள். முடிந்தால் நடுத் தாவல்களில் டோனை எடுத்துவிட்டு வேறு கட்டுப்பாடு வையுங்கள்.

ஒலி அளவை காதால் சரிசெய்யாதீர்கள். ஸ்பெக்ட்ரம் அனலைசரோ எஸ்டிஆரோ (கணினியில் அலைவரிசையைக் காட்டும் ரிசீவர்) இருந்தால் பெசல் முறை போதும்: 2079 ஹெர்ட்ஸ் டோன் விட்டு மெல்லக் கூட்டுங்கள். நடுவில் இருக்கும் கேரியர் முதல் முறை மறையும் இடத்தில் டெவியேஷன் சரியாக 5 கிலோஹெர்ட்ஸ். 12.5 கிலோஹெர்ட்ஸ் சானலுக்கு 2.5 வேண்டும் என்றால் 1040 ஹெர்ட்ஸ் டோன். இந்த அளவின்போது சிடிசிஎஸ்எஸ்ஸை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கேரியர் முழுசாக மறையாது. ரிசீவரில் டிஸ்கிரிமினேட்டர் ஒலியை (திருத்தம் செய்யாத மூல ஒலி) எடுத்து டீஎம்ஃபசிஸ் (உயர்ந்த ஒலிகளைத் தணிப்பது) செய்யாமல் விட்டால் பேச்சு கீச்சென்று இருக்கும். இரண்டு முறை செய்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும்.

ஆல்ஸ்டார்லிங்க் போல இணையம் வழியே இணைப்பவர்களுக்கு: அதன் ஐஏஎக்ஸ் இணைப்பு நெறிக்கு போர்ட் யுடிபி 4569. மொபைல் டேட்டா மோடத்துக்குப் பொது ஐபி இல்லாமல் இருந்தால் உள்ளே வரும் அழைப்பு நின்றுவிடும், வெளியே போவது மட்டும் ஓடும். வயர்கார்டு (விபிஎன்) சுரங்கம் போட்டு கீப்அலைவை 25 விநாடி வைத்தால் வழி திறந்தே இருக்கும். ராஸ்பெரி பை கணினியின் எஸ்டி கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டி, லாகை ராமில் வையுங்கள். மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில் எழுதிக்கொண்டே இருக்கும் கார்டு நீடிக்காது. உள்ளேயே இருக்கும் வாட்ச்டாகை (கணினி உறைந்தால் மறுபடி தொடங்க வைப்பது) இயக்க மறக்காதீர்கள்.

* * *

மின்சாரக் கணக்கு ஒன்று, விரலால் போட்டது. 25 வாட் ரிப்பீட்டர் கீ ஆகும்போது 6 ஆம்பியர், சும்மா இருக்கும்போது கட்டுப்பாட்டுக் கணினியோடு 0.6. நாளில் கால் பங்கு கீ என்றால் 36 கூட்டல் 10.8, ஏறத்தாழ 47 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 எடுக்கலாம். ஒன்றே முக்கால் நாளுக்குச் சற்றுக் குறைவு. அதை நிரப்ப 4 மணி நேர நல்ல வெயிலில், இழப்பைச் சேர்த்து 200 வாட் பேனல். மேகத்தை நினைத்து 300 போடுங்கள். உறைநிலைக்குக் கீழே இந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. சோலார் கன்ட்ரோலரின் இரைச்சலையும் டீசென்ஸ் சோதனையின்போதே பாருங்கள்: பேனலைக் கழற்றினால் ரிசீவர் தெளிந்தால் அதுதான்.

மின்னல் தடுப்புக் குழாயை 90 வோல்ட் போட்டுவிட்டு டிரான்ஸ்மிட்டர் அவ்வப்போது தானே திறனைக் குறைத்துக்கொள்கிறது என்பவர்கள் உண்டு. 50 வாட்டுக்கு 50 ஓமில் உச்சம் 71 வோல்ட். ஆன்டெனா அறுந்தால் 141. குழாயிலோ 20 சதவீதம் கூடக்குறைய இருக்கும், 72லேயே பாயலாம். 230 வோல்ட் குழாய் போடுங்கள். கேபிள் ஷீல்டைக் கோபுர உச்சியிலும், அடியிலும், அறைக்குள் நுழையும் இடத்திலும் எர்த் செய்யுங்கள். உள்ளே வந்ததும் மின்சாரம், இணையம், ஆர்எஃப் மூன்றும் ஒரே செம்புப் பட்டையில் சேர வேண்டும். துத்தநாகம் பூசிய கோபுரக் காலில் வெறும் செம்பை நேராகக் கட்டினால் மழையில் துத்தநாகம் அரித்துப் போகும். நடுவில் ஸ்டெயின்லெஸ் கவ்வியோ தகரம் பூசிய செம்போ வைக்க வேண்டும்.

* * *

மேலே 90 வோல்ட் குழாய் பற்றி எழுதியவருக்கு: குழாய் ஒரு முறை மின்னலை வாங்கிய பிறகு பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் கசியத் தொடங்கியிருக்கலாம். மெகர் (காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்து 100 வோல்ட்டில் பாருங்கள். 230 வோல்ட் குழாய் அங்கே அசையவே கூடாது. எறும்பு பற்றியும் ஒரு வார்த்தை: கேபிள் நுழையும் துளையை எஃகுப் பஞ்சால் அடைக்காதீர்கள், துருப்பிடித்து அதுவே இன்டர்மாட் தரும். செம்பு வலை போதும். 73 (வானொலிக்காரர் வழக்கில் "நல்வாழ்த்துகள்").