பைக் பிரேமைச் சுரண்டிவிட்டேன், இனி எந்தப் பிரைமர்?

பழையசக்கரம்:
பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கடைசி நட்டு வரை பிரித்துப் போட்டிருக்கிறேன். முன்பு வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு நிறம் பூசியிருக்கிறார்கள். பெயின்ட் ரிமூவர் தடவியதில் பிரேம் குழாய்கள் வெறும் இரும்பாகிவிட்டன. வெல்டிங் மூலைகளிலும் பேட்டரித் தட்டின் அடிப்பக்கத்திலும் பழைய பெயின்ட் அசைய மறுக்கிறது. மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுரண்டும் சாண்ட் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்கலாமா? நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சில் வாஷ் பிரைமர், எபாக்சி பிரைமர் இரண்டும் கையில் உள்ளன. ஒன்றின்மேல் ஒன்றாக அடித்தால் பிடிப்பு கூடுமா?

துருப்பகை:
தாராளமாகக் கொடுங்கள். அந்த மூலைகளைக் கையால் சுரண்டி மாளாது. ஆனால் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். இன்ஜின் மாட்டும் மரைகளில் பழைய போல்ட்டுகளை முறுக்கிவிடுங்கள். ஸ்டியரிங் கழுத்தையும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மாட்டும் துளையையும் ரப்பரால் இறுக அடையுங்கள். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் தடித்த டேப் ஒட்டி, அந்த இடத்தை மட்டும் நீங்களே ரிமூவரால் சுத்தம் செய்யுங்கள். எண் மழுங்கினால், பிறகு யாரிடமும் விளக்கி மீள முடியாது.

திரும்பி வந்ததும் பெயின்ட் டப்பாவைத் திறக்க அவசரப்படாமல், வெல்டிங் விளிம்புகளில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மயிரிழை போல் ஒரு கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம்; பற்றவைக்க வேண்டிய நேரம் இதுதான்.

இரண்டு பிரைமரையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடிக்க வேண்டாம், எபாக்சி மட்டும் போதும். வாஷ் பிரைமரில் அமிலம் இருக்கிறது. அதன்மேல் எபாக்சி அடித்தால் சரியாக இறுகாமல் பின்னால் உரிந்து வரலாம். பிளாஸ்டிங் செய்த சொரசொரப்பில் எபாக்சி தானே நன்றாகப் பிடிக்கும். அதையும் அன்றைக்கே அடியுங்கள். ஈரக்காற்றில் வெறும் இரும்பு சில மணி நேரத்திலேயே பழுப்பேறத் தொடங்கும். வெறுங்கையால் தொடவும் கூடாது, விரல் எண்ணெய் போதும் பெயின்ட்டைக் கெடுக்க.

கருப்புமினுக்கு:
இத்தனை பாடு எதற்கு? பெயின்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் கொடுத்தால் கல்லடி பட்டாலும் எளிதில் பெயராதே.

துருப்பகை:
உறுதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதை 200 டிகிரி செல்சியஸ் அளவில் சுடுகிறார்கள். பள்ளங்களை நிரப்பும் சாதாரணப் பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. ஓரிடத்தில் அடிபட்டால் அங்கே மட்டும் தொட்டுச் சரிசெய்வதும் கடினம். பூச்சு தடிமனாக இருப்பதால் பேரிங் உட்காரும் இடங்களை மறைக்காவிட்டால் பொருத்தும்போது திண்டாட வேண்டும்.

பழையசக்கரம்:
நன்றி ஐயா. பட்டி எபாக்சிக்கு முன்பா, பின்பா?

துருப்பகை:
பின்புதான். எபாக்சி இறுகியதும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பட்டி வையுங்கள். நிறத்துக்கு ஹார்டனர் கலக்கும் இரு பாகப் பெயின்ட் என்றால், அதில் உள்ள ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனத்துக்குச் சாதாரணத் துணி முகமூடி எந்தப் பாதுகாப்பும் தராது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இல்லையென்றால் ஸ்ப்ரே வேலையை பெயின்டரிடம் விட்டுவிடுங்கள்.

வண்டியை மீண்டும் பொருத்தும்போது எர்த் ஒயர் பிடிக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைக் காட்டுங்கள். அதை விட்டுவிட்டு, புது வண்டிபோல் மின்னும் பிரேமில் விளக்கு எரியவில்லை என்று கேட்டு வருபவர்கள் நிறைய.