இன்சுலின் எதிர்ப்பா, இன்சுலின் கேளாமையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அல்சைமர் என்ற மறதி நோய்க்கும் இன்சுலினுக்கும் உள்ள தொடர்பு பற்றி நான் எழுதும் கட்டுரைக்குத் தமிழ்ச் சொற்கள் கேட்டிருந்தேன். 'இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்' என்பதற்கு 'இன்சுலின் எதிர்ப்பு' ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. இந்தச் சொல்லை அவரிடம் சொன்னதும், "நோய் எதிர்ப்பு சக்தி மாதிரியா? நல்லதுதானே!" என்றார். எதிர்ப்பு என்றால் நமக்குச் சண்டை. இங்கே சண்டையே இல்லை. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள் என்று இன்சுலின் கூப்பிடுகிறது, செல்லுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. கணையம் இன்னும் சத்தமாகக் கூப்பிடுகிறது, அதாவது இன்னும் அதிகமாகச் சுரக்கிறது.

'காது மந்தம்' என்கிறோமே, அந்த வழியில் 'இன்சுலின் மந்தம்' என்று முதலில் யோசித்தேன். ஆனால் மறதி நோய் பற்றிய கட்டுரையில் மூளையோடு மந்தத்தைச் சேர்த்தால் நோயாளியைத் திட்டுவது போலாகிவிடும். தவிர, ஜவ்வரிசி வடாம் அதிகம் தின்றால் எங்கள் ஊரில் வருவதும் மந்தம்தான்.

ஆகவே 'இன்சுலின் கேளாமை'. காதில் வாங்குவதும் கேட்பதுதான், சொன்னபடி நடப்பதும் கேட்பதுதான். "சொன்னா கேக்கறானா பாரு" என்று திட்டும்போது யாரும் காது டாக்டரைத் தேடுவதில்லை. இரண்டு பொருளும் இங்கே வேண்டும்.

> கேளாமை என்றால் முழுச் செவிடு ஆகிவிடாதா?

'லேசான கேளாமை' என்று சொல்கிறோமே ஐயா. அளவை அடைமொழி பார்த்துக்கொள்ளும்.

> நரம்பணு இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸை எடுத்துக்கொள்ளுமே. மூளை கேட்காவிட்டால் என்ன?

நல்ல கேள்வி. குளுக்கோஸ் விஷயத்தில் பெரும்பாலும் நீங்கள் சொல்வது சரி. ஆனால் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் இன்சுலின் ஏற்பிகள், அதாவது அதன் சேதியை வாங்கும் காதுகள், நிறைய உண்டு. அங்கே இன்சுலின் சொல்லும் சேதிகளில் ஒன்று, ஜிஎஸ்கே-3 என்ற நொதியை அடக்கி வைப்பது. சேதி எட்டாவிட்டால் அந்த நொதி நரம்பணுவுக்குள் இருக்கும் டௌ என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட்டை அளவுக்கு மீறி ஒட்டுகிறது, புரதம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. இன்சுலினைச் சிதைக்கும் நொதியே, அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துணுக்கையும் சிதைக்கிறது. லீ பஜார் மண்டியில் ஒரே ஒரு சுமைக்காரர் இருப்பதாக வையுங்கள். இன்சுலின் மூட்டை குவிந்துகொண்டே வந்தால் அவர் அமிலாய்டுக் குப்பையை எப்போது அள்ளுவார்? ஆய்வகச் செல்களிலும் விலங்குகளிலும் கிடைத்த சான்றுகளைக் கொண்டு சொல்லும் விளக்கம் இது. மனிதரில் இதுதான் காரணம் என்று நிலைநாட்டப்படவில்லை. கட்டுரையிலும் அப்படியே எழுதுவேன்.

> பேசாமல் 'மூன்றாம் வகை நீரிழிவு' என்று போடுங்களேன்.

வேண்டாம். 2005-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசேன் டி லா மான்ட் குழுவினர் அல்சைமருக்கு முன்வைத்த பெயர் அது. நீரிழிவின் அதிகாரபூர்வ வகைப்பாட்டில் இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் ஆபத்து கூடுகிறது, உண்மைதான். ஆனால் அவர்கள் எல்லாருக்கும் அல்சைமர் வருவதில்லை. அல்சைமர் வந்தவர்கள் எல்லாருக்கும் சர்க்கரை இருப்பதுமில்லை. பெரியம்மா அந்தப் பெயரைப் பார்த்தால் அன்றைக்கே தூக்கம் போய்விடும்.

மீதி இருப்பது ஒன்றுதான்: டௌ புரதம் அப்படிப் பின்னிக்கொள்வதை (ஆங்கிலத்தில் 'டாங்கிள்') 'முடிச்சு' என்பதா, 'சிக்கு' என்பதா? முடிச்சு நாமே போடுவது, சிக்கு தானாக விழுவது. என் ஓட்டு சிக்குக்கு. ஞாயிறன்று ஏற்காடு போகிறேன். நான் தங்கும் எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்காது, சனிக்குள் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
அஸ்தம்பட்டிக்காரன்