மூடாக்கு அடக்கிய களைகளும் அடக்காத களைகளும்: அனுபவப் பகிர்வு

அனைவருக்கும் வணக்கம். என் தோட்டத்துக் காய்கறிப் பாத்திகளில் சில பருவங்களாக இலைச்சருகையும் வைக்கோலையும் மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாக, இட்டு வருகிறேன். மூடாக்கு இட்டால் களையே வராது என்று நம்பித் தொடங்குகிறவர்கள், சில வாரங்களில் கோரை தலைகாட்டியதும் மனம் தளர்ந்து அனைத்தையும் வாரி எடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது நேரக்கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

மூடாக்கு முதன்மையாக வெளிச்சத்தை மறைப்பதன் மூலமே களையைத் தடுக்கிறது. குப்பைக்கீரை, பருப்புக்கீரை போன்றவற்றின் விதைகள் மிகச் சிறியவை. மேல்மண்ணில் ஒளி பட்டால் எளிதில் முளைப்பவை. மூடாக்கின் அடியில் தப்பி முளைத்தாலும், விதைக்குள் இருக்கும் சிறிதளவு உணவு தீர்வதற்குள் அவற்றால் மேலே வந்து சேர முடிவதில்லை. இதற்குக் கனம் போதுமானதாக இருக்கவேண்டும். இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சருகைத் தூவிய பாத்தியில் களை குறைந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. ஏழு, எட்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பிய பாத்தியிலோ விதையிலிருந்து வரும் களை அனேகமாக நின்றுவிட்டது. புதிதாகப் பரப்பிய சருகு மழையிலும் நீரிலும் விரைவில் அமுங்கிவிடும் என்பதால், தொடக்கத்தில் இன்னும் கூடுதலாகவே இடுகிறேன்.

கோரையும் அருகம்புல்லும் இந்தக் கணக்குக்குள் அடங்குபவை அல்ல. கோரை மண்ணுக்கடியில் சரம் சரமாகக் கிழங்கு வைத்திருக்கிறது. அந்தக் கிழங்கின் சேமிப்பில் கிளம்பும் முனை ஊசியைப் போலக் கூர்மையாக எழுந்து சருகு, வைக்கோல் மூடாக்கைத் துளைத்துவிடுகிறது. ஆனாலும் பயன் இல்லாமல் இல்லை. மூடாக்கின் அடியில் மண் ஈரமாகவும் பொலபொலப்பாகவும் இருப்பதால், கைக்கொத்தால் கிளறும்போது தண்டு மட்டும் அறுந்து வராமல் கிழங்கும் சேர்ந்தே வருகிறது. முளை தெரிந்தவுடன் எடுத்துவிடுவதை விடாமல் செய்த பாத்தியில் கோரை நன்றாக மெலிந்திருக்கிறது. அருகம்புல் பெரும்பாலும் ஓரத்திலிருந்து கொடியாக ஊர்ந்து வருவது. அதற்குப் பாத்தியைச் சுற்றி ஒரு சிறு பள்ளம் வெட்டிச் சுத்தமாக வைத்திருப்பதே எனக்குக் கைகொடுத்தது.

ஆகவே மூடாக்கு இடுவதற்கு முன் பாத்திக்கு நீர் பாய்ச்சி, களைகளை முளைக்கவிட்டு, அவை இளசாக இருக்கும்போதே மேலாகக் கொத்தி எடுத்துவிடுகிறேன். எந்தக் களை நம் மண்ணில் குடியிருக்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும். பறித்த பருப்புக்கீரையை மூடாக்கின் மேல் போட்டுவிடாதீர்கள். அதன் சதைப்பற்றான தண்டு ஈரத்தில் மீண்டும் வேர்பிடித்துவிடும்.

*

தங்கள் பதிவுக்கு நன்றி ஐயா. வைக்கோலைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

சரியாக அடிக்கப்படாத வைக்கோலில் தானியமணிகள் தங்கியிருக்கும். நான் பரப்பிய பாத்தியில் அவையே முதலில் பச்சை கட்டின. அவை எளிதாகப் பிடுங்க வருபவை என்பதால் கவலை இல்லை. பூத்து விதை முற்றிய பின் அறுத்த புல்லை மூடாக்காக இடுவதுதான் பெருந்தொல்லை. களையைத் தடுக்க நினைத்து நாமே களையை விதைத்தது போலாகிவிடும். பூக்கும் முன் அறுத்த புல்லானாலும், பச்சையாகக் கனமாகக் கொட்டினால் அது ஒட்டிக்கொண்டு சூடேறி நாற்றமெடுக்கும். உலரவைத்து மெல்லிய அடுக்காகப் பரப்பி, அது காய்ந்தபின் அடுத்த அடுக்கை இடுகிறேன்.

வெளியிலிருந்து வைக்கோலோ எருவோ வாங்குகிறவர்கள் களைக்கொல்லி எச்சத்தையும் கவனிக்கவேண்டும். அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற, அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்துகள் புல்லினப் பயிரின் தாளில் தங்கி, அதைத் தின்ற கால்நடையின் சாணத்திலும் அழியாமல் வெளிவரக்கூடியவை. தக்காளி, அவரை இனப் பயிர்களின் இளம் இலைகள் கிண்ணம்போலச் சுருண்டு கோணுவது அதன் அடையாளம். எருவாக இருந்தால் சிறிது எடுத்து மண்ணோடு கலந்து, வைக்கோலாக இருந்தால் நறுக்கிக் கலந்து, தொட்டியில் சில பீன்ஸ் விதைகளை ஊன்றிப் பார்ப்பேன். முதல் சில இலைகள் நேராக விரிந்த பிறகே பாத்திக்குக் கொண்டுபோகிறேன். சில வாரங்கள் காத்திருப்பது சிரமம்தான். ஆயினும் ஒரு பருவத்துப் பயிரை இழப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை.

*

மரச்சில்லுகளைப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். மரச்சில்லு மண்ணின் தழைச்சத்தை (நைட்ரஜனை) உறிஞ்சிவிடும் என்ற அச்சம் பலரிடம் உண்டு. மண்ணோடு கலந்து கொத்திவிட்டால் அந்த அச்சம் நியாயமானதே. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். மேலே பரப்பி வைத்தால் அந்தக் குறைபாடு மண்ணின் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது. பல ஆண்டுகள் நிற்கும் பழமரங்களையும் புதர்ச்செடிகளையும் சுற்றிச் சில்லு இட்டதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மரத்தூளை நான் தவிர்க்கிறேன், ஏனெனில் அது படிந்து இறுகி நீரை உள்ளே விடாமல் வழியவிடுகிறது.

தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விடுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன், ஏனெனில் ஈரமான மூடாக்கு தண்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் பட்டை அழுகும். மென்மையான நாற்றுகளுக்கு நான்கு விரற்கடை போதும். அவற்றின் அருகே அவ்வப்போது மூடாக்கை விலக்கிப் பார்த்து, ஒளிந்திருக்கும் நத்தைகளைப் பொறுக்கிவிடவேண்டும். கேரட் போல நேரடியாக விதைப்பவற்றுக்கு, பயிர் முளைத்து ஒரு சாண் உயரம் வந்தபின் வரிசைகளுக்கு இடையில் மட்டுமே பரப்புகிறேன், ஏனென்றால் களையின் முளையை மறைக்கும் மூடாக்கு பயிரின் முளையையும் மறைத்துவிடும்.

கீழடுக்கு மட்கிக் கருமண்ணாகும்போது காற்றில் வந்த விதைகள் அதன்மேல் விழுந்து முளைக்கத் தொடங்கும். அவை மேலோட்டமாகவே வேரூன்றியிருப்பதால் விரலாலேயே பிடுங்கிவிடலாம். அத்தகைய முளைகள் தென்படத் தொடங்கும்போது புதிய அடுக்கு இடுகிறேன்.