ஆயில் சீல்: முத்திரையா, அடைப்பானா, கசிவணையா?

> ஆயில் சீலுக்கு ‘எண்ணெய் முத்திரை’ சரிதானே? அகராதியில் சீல் என்றால் முத்திரை என்றுதான் இருக்கிறது.

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆயில் சீல் என்பது எஞ்சினில் சுழலும் தண்டைச் சுற்றி நின்று, எண்ணெய் வெளியே கசியாமல் காக்கும் ரப்பர் வளையம். அதற்கு முத்திரை வேண்டாம். முத்திரை குத்துவது, பதிப்பது. ‘எண்ணெய் முத்திரை கிழிந்துவிட்டது’ என்று படித்தால் எஞ்சின் வேலை தெரிந்தவருக்கும் பொருள் பிடிபடாது.

‘எண்ணெய் அடைப்பான்’ அதைவிட மேல். ஆனாலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. போன வாரம் என் காரில் கிராங்க் தண்டின் (எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டு) முன்பக்க சீலை வீட்டிலேயே மாற்றினேன். கழற்றிய பழைய சீலைக் கையில் வைத்துப் பார்த்தபோது தயக்கம் கூடிவிட்டது. அடைப்பான் என்றால் தக்கை மாதிரி, துளையை முழுக்க மூடுவது. இதன் நடுவிலோ தண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழல்கிறது. வெளிவட்டம் துளையில் இறுகி அசையாமல் உட்கார்ந்திருக்க, உள்ளே மெல்லிய ரப்பர் உதடு தண்டைத் தழுவி நிற்கிறது. உதட்டின் முதுகில் மயிரிழைக் கம்பியில் சுற்றிய சுருள்வில் ஒன்று வளையமாகக் கிடந்து, அதைத் தண்டோடு சேர்த்துப் பிடிக்கிறது. புதிய சீலில் உதடு தண்டைத் தொடும் பட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த இடத்தில் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்போதும் இருந்தாக வேண்டும். வறண்டால் உதடு சூடேறித் தேய்ந்துவிடும். முழுக்க அடைத்தால் கெட்டுப்போகும் பொருளுக்கு அடைப்பான் என்று பெயர் வைப்பானேன்?

என் முன்மொழிவு ‘கசிவணை’. அணை தேக்குகிறது, அணைத்தல் என்றால் தழுவுதல். இந்தச் சிறு வளையம் இரண்டையும் செய்கிறது. உதட்டை ‘இதழ்’ எனலாம், வெளியில் இருக்கும் சிறு உதட்டைத் ‘தூசி இதழ்’ எனலாம்.

> பட்டறையில் எல்லாரும் சீல் என்றுதானே சொல்கிறார்கள், புதுச்சொல் எதற்கு?

பேச்சில் சீல் இருக்கட்டும், நானும் அப்படித்தான் சொல்கிறேன். எழுதி விளக்கும்போதுதான் சிக்கல். அசையாத இரு பரப்புகளுக்கு நடுவே வைக்கும் கேஸ்கட்டையும் சீல் என்கிறோம், சுழலும் தண்டைச் சுற்றி நிற்பதையும் சீல் என்கிறோம். அப்புறம் ‘அடைப்பு’ என்ற சொல் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் மூச்சுக்குழாயில் அடைப்பு விழுந்தால் உள்ளழுத்தம் ஏறி, நேற்றுப் போட்ட சீலும் கசியும். ‘அடைப்பால் அடைப்பான் கசிந்தது’ என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்?

சொல் ஓடுகிறதா என்று வேலைக் குறிப்பாகவே எழுதிப் பார்த்தேன்:

“பழைய கசிவணையை நெம்பும்போது தண்டில் கீறல் விழக் கூடாது. புதியதன் இதழில் எஞ்சின் எண்ணெய் தடவவும். வில் தெரியும் பக்கம் எஞ்சினுக்கு உள்நோக்கி இருக்கட்டும். வெளிவிட்டத்துக்கு ஏறக்குறைய ஒத்த குழாய்த் துண்டை வைத்து, சாயாமல் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கவும்.”

எனக்கு இடறவில்லை. (டெஃப்லான் இதழ் என்றால் பெரும்பாலும் எண்ணெய் தடவாமல் உலர்வாகவே போட வேண்டும். குறிப்பில் அதையும் சேர்க்க வேண்டும்.)

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பழைய இதழ் நகம்போல் விறைத்துப் போயிருந்தது. தண்டைத் துடைத்துவிட்டு விரலை ஓட்டினால், இதழ் உட்கார்ந்த இடத்தில் நகம் சிக்கியது. ரப்பர் பட்டு எஃகில் விழுந்த பள்ளம்! புதிய கசிவணையை ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்தி, இதழ் தேயாத எஃகில் படும்படி வைத்தேன். இப்போது கசிவு இல்லை. பள்ளம் ஆழமாக இருந்திருந்தால் தண்டுக்கு மெல்லிய உறை மாட்ட வேண்டியிருந்திருக்கும்.

அந்தப் பள்ளத்துக்கு ‘இதழ்த்தடம்’ எனலாமா? ‘தேய்தடம்’ என்றும் யோசித்தேன், ஆனால் பேரிங் தேய்ந்த தடத்துக்கும் அது பொருந்திவிடுகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.